கள்ளத் தோணிக்குப் பரிகாரம்

திருகோணமலைத் துறைமுகத்துக்காகச் சண்டையிடாத வெள்ளைக்காரன் இல்லை என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பெருமையோடு சொல்வார்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறி மாறி வந்தார்கள். 1942 ஏப்ரில் மாதத்தில் ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு பொழிந்தன. 1957-இல் பிரிட்டிஷ் கடற்படை மூட்டை கட்டிக்கொண்டு போயிற்று. இத்தனை வரவுகளையும் போக்குகளையும் கண்ட துறைமுகத்தில், சண்டைக்கும் வராமல், வியாபாரத்துக்கும் வராமல், உயிரை மட்டும் கையிற் பிடித்துக்கொண்டு வந்த ஒரு கூட்டத்தை 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ந் திகதி வெள்ளிக்கிழமை நாம் கண்டோம்.

வந்தவர்கள் மியன்மார் நாட்டு ரோஹிங்யா மக்கள். நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். அவர்களிற் குழந்தைகள் பலர். முதல் நாள் முல்லைத்தீவுக் கரைக்கு அப்பால் மீனவர்களின் கண்ணில் அவர்கள் படகு பட்டது. மறுநாள் கடற்படையினர் அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்து சேர்த்தனர். அஷ்ரப் இறங்குதுறைக்குச் சற்றுத் தூரத்தில் கூடி நின்றவர்களுள் நாமும் ஒருவராக நின்றோம். கையில் ஒரு பொட்டலம் பாணும் ஒரு போத்தல் தேநீரும் இருந்தன. அவற்றை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றோம்.

எமக்குப் பக்கத்தில் ஒரு முதியவர் தம் பேரனைத் தோளிற் சுமந்தபடி நின்றார்.

"அப்பப்பா, ஆர் இவங்கள்?" என்று கேட்டான் சிறுவன்.

"கள்ளத்தோணியில வந்த ஆக்கள், மோனை" என்றார் அவர்.

அவர் மனத்தில் வஞ்சகம் இல்லை. சொன்ன கையோடு தம் மடியிலிருந்த பிஸ்கட் பெட்டியை எடுத்துக் காவல் நின்றவரிடம் கொடுத்து, "பிள்ளையளுக்குக் குடுங்கோ, தம்பி" என்று வேண்டிக்கொண்டதையும் பார்த்தோம். ஆயினும் அந்தச் சொல் எம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று நாட்டின் கதை. மற்றது எம் வீட்டுக் கதை.

நாட்டின் கதையை முதலிற் சொல்லிவிடுகிறோம். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தென்னிந்தியாவிலிருந்து இரவோடிரவாகத் தோணியேறி இலங்கைக் கரையில் இறங்கியோர் இருந்தார்கள் என்பது மெய். அவர்களைத் தடுக்க 1952-இல் இராணுவம் வடமேற்குக் கரையோரத்துக்கு அனுப்பப்பட்டது. 1963-இல் அந்த முயற்சி கள்ளக் குடியேற்றத் தடுப்புப் படையாக விரிந்து, 1981 வரை நீடித்தது. இதிற் குற்றம் காண்பதற்கில்லை. எந்த நாடும் தன் கரையைக் காக்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்தக் காலத்திலேயே 'கள்ளத்தோணி' என்ற பெயர், தோணியைக் கண்ணாலும் காணாதவர்கள் மேலும் ஒட்டிக்கொண்டது. தேயிலைக்கும் றப்பருக்கும் வெள்ளைக்காரத் துரைமார் அழைத்து வந்த தொழிலாளரின் பேரன் பேத்திகள், இந்த மண்ணிலேயே பிறந்து இந்த மண்ணிலேயே உழைத்தவர்கள், 1948-ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் ஒரு நாட்டுக்கும் உரியவரல்லாதவர் ஆனார்கள். 1964-இல் ஸ்ரீமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் உடன்படிக்கை செய்தார்கள். ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மனிதரைக் கணக்குப் புத்தகத்து வரவு செலவு போலப் பிரித்தார்கள். இந்தியாவுக்கு ஐந்தேகால் இலட்சம். இலங்கைக்கு மூன்று இலட்சம். மிகுதி ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அந்த மிகுதியை 1974-இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள்.

இத்தனை பங்கீட்டுக்குப் பிறகும் பல்லாயிரம் பேர் நடுவில் நின்றார்கள். ஈற்றில் அவர்களை மீட்டது எது? 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம். 1964 அக்டோபர் 30 முதல் இந்நாட்டில் வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் சந்ததிக்கும் குடியுரிமை உண்டு என்று அச்சட்டம் கூறிற்று. அவ்வாண்டு அதிகாரிகளும் தொண்டர்களும் மக்களைத் தேடிச் சென்று விண்ணப்பம் வாங்கினார்கள். பத்தே நாளில் ஏறத்தாழ ஒரு இலட்சத்துத் தொண்ணூறாயிரம் பேர் இந்நாட்டுப் பிரசைகள் ஆனார்கள். ஐம்பத்தைந்து வருஷத்துச் சிக்கல், ஒரு காகிதம் ஒழுங்காகக் கொடுக்கப்பட்டதும் அவிழ்ந்தது. வாசகர்கள் இதை நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறோம். நாம் சொல்லப்போகும் பரிகாரம் அனைத்துக்கும் இதுவே அடிப்படை.

இனி எம் வீட்டுக் கதை.

நாம் துறைமுகத்தில் முப்பது வருஷம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். 2012-ஆம் ஆண்டு, ஓய்வூதியப் பணம் கைக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் அந்திப் பொழுதில் எம் தங்கையின் மகன் வீட்டுக்கு வந்தான். அவனுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. இரண்டு பிள்ளைகள். யுத்தத்தில் ஒரு வள்ளத்தையும், கடல்கோளில் மற்றொரு வள்ளத்தையும் இழந்தவன். கொட்பேயில் பிறர் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"மாமா, மூண்டு இலட்சம் குறையுது" என்றான்.

எட்டு இலட்சம் என்று பேச்சு. தங்கையின் தாலிக்கொடி உட்பட வீட்டு நகைகள் யாவும் அடகுக் கடைக்குப் போய்விட்டன. மீதிக்குத்தான் எம்மிடம் வந்தான்.

"எங்கே போகப்போகிறாய்?" என்று நாம் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? அந்த வருஷம் கிழக்குக் கரையில் எல்லா வீட்டிலும் அதே பேச்சுத்தான். அவ்வாண்டில் மாத்திரம் ஆறாயிரத்துக்கும் அதிகமான இலங்கையர் படகேறி அவுஸ்திரேலியா சேர்ந்தார்கள். மறுநாட் காலை வங்கிக்குச் சென்று பணத்தை எடுத்துக் கொடுத்தோம். பணம் எதற்கென்று அறியாமற் கொடுத்தோம் என்று இன்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். அறிந்தே கொடுத்தோம். இந்தக் கட்டுரையைப் படிப்போர், பரிகாரம் சொல்ல வருபவனும் அந்தப் படகுக்குப் பலகை தைத்தவன்தான் என்பதை அறிந்துகொண்டே படிக்க வேண்டும்.

படகு இரண்டாம் நாளே மறிக்கப்பட்டது. அதில் இருந்தவர்களைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் நீதவான் முன்னிலையில் வரிசையாக நின்றார்கள். நாம் பிணைக்குச் சென்று நின்றோம். அந்த வரிசையில் கூலி மீனவர்கள் இருந்தார்கள். மேசன் வேலைக்காரர் இருந்தார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் இருந்தாள். படகைச் செலுத்தியவன் என்று தனியே நிறுத்தப்பட்டவனும் ஓர் ஏழை மீனவனே. தன் இடத்துக்குக் காசு கொடுக்க வழியில்லாமல் சுக்கானைப் பிடித்தவன். எட்டு எட்டு இலட்சமாக வாங்கிய ஏஜென்சிக்காரன் மட்டும் அந்த வரிசையில் இல்லை. அவன் பெயர்கூட யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. தொலைபேசி இலக்கம் மாத்திரம் தெரிந்திருந்தது. அதுவும் அன்று தொட்டு ஊமையாகிவிட்டது.

கதை அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டோம். மருமகன் திருந்திவிட்டான். கடன்காரர் வாசலில் நிற்க, நேர்வழியிற் போவோம் என்று தீர்மானித்தான். தென் கொரியாவோடு இலங்கை அரசாங்கம் 2004-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, கொரிய மொழிப் பரீட்சையிற் சித்தி பெற்றவர்கள் தரகர் இல்லாமல், அரசாங்கத்தின் மூலமாகவே அங்கு வேலைக்குச் செல்லலாம். மீன்பிடித் தொழிலுக்கும் ஆள் எடுக்கிறார்கள். பகலிற் கடல், இரவிற் கொரிய எழுத்து என்று இரண்டு வருஷம் பாடுபட்டுச் சித்தியும் பெற்றான். அன்று தங்கை கோணேசர் கோயிலில் அருச்சனை செய்து, பிரசாதத்தை எம் வீட்டுக்கே கொண்டுவந்து தந்தாள்.

ஆனால் வெளிநாடு செல்லப் பொலிஸ் நற்சான்று வேண்டும். இவன் மேலோ படகு வழக்கு நிலுவையில் இருந்தது. தவணை மேல் தவணை. தண்டப்பணம் கட்டி வழக்கு முடிந்தபோது ஏழு வருஷம் கழிந்துவிட்டது. கொரியாவுக்குப் போவதற்கான வயதெல்லை முப்பத்தொன்பது. அவனுக்கு நாற்பது ஆகியிருந்தது.

கள்ள வழியை அடைத்த சட்டம், அவன் திருந்திவந்து தட்டிய நேர்வழியையும் அடைத்துவிட்டது. இதைத்தான் நாம் அரசாங்கத்துக்கும் வாசகர்களுக்கும் எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

காவலே வேண்டாம் என்று நாம் வாதிக்கவில்லை. நேர்மையாகப் பேசுவதானால், காவலுக்குப் பலன் உண்டு. 2013 செப்டெம்பரில் அவுஸ்திரேலியா தன் எல்லைக் காவலை இறுக்கி, வரும் படகுகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கியது. அதன் பின் அங்கே படகுகள் கரை சேர்வது ஏறக்குறைய நின்றே போயிற்று. ஆனால் மனிதரின் ஆசையும் அவலமும் நிற்கவில்லை, திசை மாறின. 2022-இல் நாடு வங்குரோத்து நிலைக்கு வந்து, எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது என்ன நடந்தது? அவ்வாண்டு நவம்பரில், கனடாவை நாடிச் சென்ற 303 இலங்கையர் வியட்நாமுக்கு அப்பால் நடுக்கடலில் மூழ்கும் கப்பலிலிருந்து மீட்கப்பட்டார்கள். ஒரு வாசலை அடைத்தால் இன்னும் தூரமான, இன்னும் ஆபத்தான வாசலைத் தரகன் காட்டுவான். காவல் இறுகும்போது அவன் கட்டணமும் ஏறும்.

அதே 2022-இல் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திற் பதிந்து முறைப்படி புறப்பட்டுப் போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நேர்வழி உண்டு. அதில் எம்மவர் இலட்சக்கணக்கில் நடக்கவும் செய்கிறார்கள். தோணியேறுகிறவன் யார் என்றால், அந்த வழியின் வாசலை எட்ட முடியாதவன். அவனை எட்டச் செய்வதே பரிகாரம். எமக்குத் தோன்றியவற்றை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவது, ஏறியவனையும் ஏற்றியவனையும் சட்டம் வேறு பிரிக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டமே இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆட்களைத் திரட்டி அனுப்புவோரைத் தண்டிக்க 2006-இல் அதில் திருத்தம் செய்தார்கள். நல்லது. ஆனால் ஏறியவனும் அதே கூண்டில் நிற்கிறான். ஆட்கடத்தலைத் தடுக்க ஐக்கிய நாடுகள் சபை 2000-ஆம் ஆண்டில் வகுத்த ஏற்பாடு, கடத்தப்பட்ட காரணத்துக்காக ஒருவரைக் குற்றவாளியாக்கலாகாது என்கிறது. அதுவே நியாயம். ஏறியவனை எச்சரித்து, அவன் வாக்குமூலத்தைக் கொண்டு ஏற்றியவனைப் பிடிக்க வேண்டும். தான் கூண்டில் நிற்கும்வரை அவன் தரகனைக் காட்டிக்கொடுப்பானா? எம் மருமகன் கொடுக்கவில்லை. நாமும் வாய் திறக்கவில்லை.

இரண்டாவது, வழக்கு வருஷக்கணக்கில் இழுபடலாகாது. சில மாதங்களில் முடித்து, முதன்முறை அகப்பட்டவனுக்கு நற்சான்று பெறத் தடையில்லை என்று விதி செய்துவிட்டால், அவன் மறுபடி தோணிக்குப் போக மாட்டான். பரீட்சை மண்டபத்துக்குப் போவான்.

மூன்றாவது, படகைக் கவனிக்க வேண்டும். தோணி வானத்திலிருந்து வருவதில்லை. பழைய பலநாட் கலம் ஒன்று கைமாறுகிறது. அதன் பிறகுதான் அதில் ஆட்கள் ஏறுகிறார்கள். 2015-இல் ஐரோப்பிய ஒன்றியம் எமது மீனை வாங்க மாட்டோம் என்று தடை விதித்ததும், ஆயிரத்துக்கு மேற்பட்ட படகுகளுக்கு அவை நிற்கும் இடத்தைக் காட்டும் கருவி பொருத்தப்பட்டது. மறு வருஷமே தடை நீங்கிற்று. மீனுக்காகச் செய்ய முடிந்ததை மனிதருக்காகவும் செய்யலாம் அல்லவா? கலம் கைமாறும்போது, வாங்குபவன் மெய்யாகவே மீன்பிடிகாரனா என்று துறைமுகத்திலேயே விசாரித்துப் பதியும் வழக்கம் வரவேண்டும்.

நான்காவது, நேர்வழிக்குக் கடன் கொடுக்க வேண்டும். தரகனுக்கு எட்டு இலட்சம் புரட்டக்கூடியவன் ஏழையல்லனே என்று சிலர் கேட்கக்கூடும். அந்த எட்டு இலட்சமும் அடகும் கைமாற்றும் என்பதை அறியாதவர் கேட்கும் கேள்வி அது. மொழிப் பரீட்சைக்கும் கடவுச்சீட்டுக்கும் பயணச் செலவுக்கும் குறைந்த வட்டியில் வங்கிக் கடனும், திருகோணமலையிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் தமிழ் வழியாகக் கொரிய, ஜப்பானிய மொழி வகுப்புகளும் வந்தால், கரையோரத்துப் பையன்கள் தரகனின் இலக்கத்தைத் தேட மாட்டார்கள். சம்பாதித்து அனுப்பும் அந்நியச் செலாவணியால் அரசாங்கத்துக்கும் கடன் முதல் திரும்பும்.

ஐந்தாவது, திரும்பி வருவோரையும் கூண்டில் நிறுத்தலாகாது. யுத்த காலத்தில் உயிர் தப்பத் தமிழ்நாட்டுக்குத் தோணியேறிய எம்மவர் ஆயிரக்கணக்கானோர் இன்னும் அங்கே முகாம்களில் இருக்கிறார்கள். 2025 மே மாதத்தில், முதுமையில் ஊர் திரும்பிய அத்தகைய ஒருவர், முன்பு முறைப்படி வெளியேறவில்லை என்ற காரணத்துக்காகப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்ட செய்தியைப் படித்து மனம் வெதும்பினோம். குண்டு விழும்போது குடியகல்வு அதிகாரியைத் தேடிச் சென்று முத்திரை பெற்றுக்கொண்டா ஓட முடியும்? யுத்த காலத்தில் ஓடியவர்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று ஒரு வரியிற் திருத்தம் செய்தால் போதுமானது.

ஆறாவதும் கடைசியுமானது, எம் கரைக்கு வருவோரைப் பற்றியது. ரோஹிங்யா மக்களை மியன்மாரின் 1982-ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் வெளியே தள்ளியது. 2017-இல் ஏழு இலட்சம் பேருக்கு மேல் உயிர் தப்பி வங்காள தேசத்துக்கு ஓடினார்கள். எமது மலைநாட்டு மக்களுக்கு 1948-இல் நேர்ந்ததை நினைத்துப் பார்த்தால், இவர்கள் நோய் எமக்குத் தெரியாத நோயன்று. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இலங்கை இன்னும் சேரவில்லை. அகதி யார் என்று தீர்மானிக்க உள்நாட்டிற் சட்டமும் இல்லை. ஆகையால் வருபவரை எங்கே வைப்பது, என்ன செய்வது என்று ஒவ்வொரு முறையும் அதிகாரிகள் திண்டாடுகிறார்கள். 2024 டிசம்பரில் வந்தவர்களை முதலில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கவைத்தார்கள். பின்னர் முல்லைத்தீவில் விமானப்படை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். படகைச் செலுத்தியதாகப் பன்னிரண்டு பேரைப் பிரித்து விளக்கமறியலில் வைத்தார்கள். அதைக் கேட்டபோது, 2012-இல் தனியே நிறுத்தப்பட்ட அந்தச் சுக்கான்காரனின் முகம் எம் கண் முன் வந்தது. யாரை ஏற்பது, யாரைத் திருப்புவது என்று விசாரித்து முடிவு செய்யும் சட்டம் ஒன்று வேண்டும். அந்த முடிவு வரும்வரை பெரியவருக்கு ஒரு தற்காலிகக் காகிதமும், சின்னவருக்குப் பள்ளிக்கூடமும் கொடுக்க வேண்டும்.

இவற்றில் ஒன்றும் பெருஞ் செலவு பிடிப்பதன்று. வாழ வந்தவனுக்கும் வாழப் போகிறவனுக்கும் உரிய காகிதத்தை உரிய காலத்தில், கைக்கெட்டும் விலையிற் கொடுத்துவிட்டால், தரகனுக்கு விற்கச் சரக்கு இராது.

அன்று மாலை, கொண்டுபோன பாணைக் காவலாளி ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பினோம். வாசலில் மருமகன் நின்றான். கடலிலிருந்து நேரே வந்திருந்தான். மாதந்தோறும் எம் மூன்று இலட்சத்தில் ஐயாயிரம் கழிக்க வருவது அவன் வழக்கம். வேண்டாம் என்று எத்தனையோ முறை சொல்லியும் கேட்டதில்லை.

அன்று பணத்தை எம் கையில் தராமல் மேசை மேல் வைத்தான்.

"மாமா, இந்த மாசம் உங்களுக்கில்லை. அந்தப் பிள்ளையளுக்குப் பால்மா வாங்கிக் குடுங்கோ" என்றான்.

நாம் பதில் பேசவில்லை. குறிப்புப் புத்தகத்தை எடுத்து, அந்த ஐயாயிரத்தை எமது வரவிலேயே எழுதி வைத்தோம். மறுநாட் காலை பால்மா வாங்கக் கடைத்தெருவுக்குப் புறப்பட்டோம்.